பாக் விரிகுடா கடற்பசு பாதுகாப்பகம்: மீன்பிடிப்புக்குத் தடை உண்டா?

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் சுமார் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்த விலங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுதான். கடலை நம்பிப் பிழைப்பவர் எவருக்கும் முதலில் எழும் கேள்வி, இனி அங்கே வலை போடலாமா என்பதே.

போடலாம். மன்னார் வளைகுடாவில் 1986இல் தேசியப் பூங்கா அமைந்த பின் அங்குள்ள 21 தீவுகளிலும் அனுமதியின்றி இறங்க முடியாமல் போனதை நினைத்து அஞ்சுவது இயல்புதான் என்றாலும், பாதுகாப்பகம் என்பது தேசியப் பூங்கா அன்று. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவு, உள்ளூர் மக்களைக் கலந்து பேசிய பிறகே பாதுகாப்பகத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு, நிர்வாகத்துக்கு ஆலோசனை கூறும் குழுவில் ஊராட்சிகளின் பிரதிநிதிகளுக்கும் இடம் தருகிறது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது இங்கே குற்றமாகும். மற்றபடி மீனவர்கள்மீது புதிய கட்டுப்பாடு எதுவும் சுமத்தப்படவில்லை என்பதே அரசின் நிலை.

ஆனால் பழைய விதிகள் அப்படியே இருக்கின்றன. விசைப்படகுகள் கரையிலிருந்து விதிகள் குறிப்பிடும் தொலைவுக்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி இழுவை கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். கடற்பசுவின் பார்வையில் இவற்றுள் முதல் விதியே முக்கியமானது. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் இந்த விலங்கு கரையை ஒட்டிய ஆழமற்ற பகுதியில் வளரும் கடற்புல்லை மேய்ந்தே வாழ்கிறது. விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி போன வழியில் அந்தப் புல் வேரோடு பெயர்ந்துவிடுகிறது. ஓராண்டுக்கு மேல் சினையாக இருந்து ஒரே ஒரு கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இனமாகையால், இழப்பை ஈடுகட்டுவது எளிதன்று.

மீன்களைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள்வலையில் சிக்குவதே இப்போது பெரிய ஆபத்து. நுரையீரலால் மூச்சு விடும் விலங்காதலால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வராவிட்டால் அது மூச்சுத் திணறி இறந்துவிடும். ஆகவே, வலையில் சிக்கியது ஆவுளியா என்று தெரிந்தவுடன் முதலில் அதன் தலை நீருக்கு மேலே இருக்கும்படி வலையைத் தளர்த்திவிட்டு, பிறகு அறுக்க வேண்டியதை அறுக்கலாம். படகில் ஏற்றுவதும் வாலில் கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. உயிருடன் விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் ஊக்கத்தொகையும் அளித்து வருவதால், விடுவிப்பதைக் கைபேசியில் படம் பிடித்து வைப்பது நல்லது. அறுந்த வலைக்கே இழப்பீடாக 25,000 ரூபாய் வரை தரும் திட்டம் மகாராஷ்டிரத்தில் 2018 இறுதியில் தொடங்கியது. நட்டம் என்னவோ வலையில்தான் ஏற்படுகிறது என்பதால் அந்த முறையே கூடுதல் நியாயமாகத் தோன்றுகிறது.

இந்திய வனஉயிரின நிறுவனம் 2016 முதல் நடத்திவரும் கடற்பசு மீட்புத் திட்டம் தமிழ்நாட்டோடு குஜராத்தையும் அந்தமானையும் உள்ளடக்கியது. மீனவர் குடும்பத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தந்து, அவர்கள் வழியாகக் கடற்பசு பற்றிய செய்தியை வீடுகளுக்குக் கொண்டுசெல்வது அதன் ஒரு பகுதி.

வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகுந்த பாதுகாப்பு பெறும் இனங்களைப் பட்டியலிடும் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்பதால், வேட்டையாடினாலும் இறைச்சியை விற்றாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வேட்டையாடப்பட்டதாயினும் இறந்து கிடந்ததாயினும் அந்த விலங்கின் உடலும் இறைச்சியும் அரசின் சொத்தாகும். அத்தகைய ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. ஆகவே, தானாகச் செத்துக் கரை ஒதுங்கிய உடலையும் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். இறப்புக்குக் காரணம் என்னவென்பது உடற்கூறாய்வில்தான் தெரியவரும்.