சைவம்தானே, பிறகென்ன?

போன கிழமை புதன் பின்னேரம் எங்கள் இல்லத்தின் இரண்டாம் மாடி மைக்ரோவேவ் கதவுக்குக் குறுக்கே டேப் ஒட்டி, ‘பாவிக்க வேண்டாம்’ என்று எழுதிவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். இந்த வருசத்தில் இது மூன்றாவது டேப். மூன்றும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் கைவண்ணம். மூன்று பேரும் நல்ல பிள்ளைகள். அதுதான் கூடுதல் எரிச்சல்.

நான் ரொறன்ரோவில் பதர்ஸ்ட் வீதிப் பக்கம் ஒரு யூத முதியோர் இல்லத்தில் தொண்டர்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். 14 வருசம். ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழ் வாங்குவதற்கு 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கலாம். எங்கள் சனம் பன்னிரண்டாம் வகுப்புப் பங்குனியில்தான் கண் விழிக்கும். “தங்கச்சி, பிள்ளைக்கு ஒரு நாற்பது மணித்தியாலம் போட்டுத் தரேலுமோ?” என்று அம்மாமார் எடுக்கத் தொடங்கினால் பனி கரையப் போகுது என்று எனக்கு விளங்கிவிடும்.

நடந்தது இதுதான். ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம், நாலு கிழமையாக ஒழுங்காக வருகிறவள், தன் அம்மம்மா பொரித்த மரக்கறி ரோல்ஸ் பன்னிரண்டைப் பழைய மார்ஜரின் டப்பாவில் ரிஷு சுற்றிக் கொண்டு வந்திருக்கிறாள். ஒருவரிடமும் கேட்கவில்லை. மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்கி, கடதாசித் தட்டில் அடுக்கி, ரம்மிகுப் விளையாடிக்கொண்டிருந்த மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அந்த மேசையில் ஹங்கேரியில் பிறந்த 93 வயது அம்மா ஒருவர். ரோலை இரண்டு விரலால் எடுத்தார், நல்ல வாசம் என்றார், நன்றி சொன்னார். பிள்ளை அடுத்தவர் பக்கம் திரும்பியதும் கைதுடைக்கும் கடதாசியில் அதைச் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு மணித்தியாலம் கழித்து வோக்கரைத் தள்ளிக்கொண்டு என் அறைக்கு வந்து, எண்ணெய் ஊறிய அந்தப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “நான் சாப்பிடவில்லை என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடாதே.”

அதே மேசையில் இன்னொருவர் பாதி ரோலைக் கடித்துவிட்டார். அவருக்கு விழுங்குவதில் சிரமம், அரைத்த சாப்பாடுதான். இருமத் தொடங்கி, தாதி ஓடி வந்து... ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறையும் ஆகாது என்று நான் எழுதித் தரமாட்டேன்.

பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். “மிஸ், இறைச்சி ஒண்டும் போடேல்லை. சைவம்தானே?”

இந்தச் சைவம்தானே என்ற சொல்லை இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் மற்றக் கதை.

கோஷர் என்ற யூதச் சாப்பாட்டு விதி என்றால் பன்றி சாப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைக்கிறீர்கள். பன்றி அதில் ஒரு மூலை. என்ன சாப்பிடுகிறோம் என்பது பாதி என்றால், எதில் சமைத்தது, எதோடு சேர்ந்தது, யார் பார்த்துக்கொண்டு நின்றது என்பது மற்றப் பாதி. இது எங்கள் ஆக்களுக்கு விளங்காத விசயமா என்ன? வெள்ளிக்கிழமை விரதச் சமையலை உங்கள் அம்மம்மா மச்சச் சட்டியில் காய்ச்சுவாவா? நேற்று மீன் பொரித்த எண்ணெயில் இன்றைக்கு வடை சுட்டுவிட்டு, வடைக்குள் மீன் இல்லைத்தானே என்றால் அவ விடுவாவா? அகப்பை மாறிப் போட்டதற்கே வீடு இரண்டுபட்டதை நான் கண்டிருக்கிறேன். அப்படியிருக்க, இன்னொரு சனத்தின் சட்டி என்றதும் மட்டும் எங்களுக்கு எல்லாம் ‘வெஜி’ ஆகிவிடுகிறது.

கேளுங்கோ. இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. அதற்குத் தனித்தனிச் சட்டி, தட்டு, கரண்டி. இறைச்சி சாப்பிட்டால் பால் குடிக்கப் பலர் ஆறு மணித்தியாலம் பொறுப்பார்கள். இரண்டிலும் சேராதது ‘பார்வே’: மரக்கறி, பழம், முட்டை, மீன். உங்கள் ரோல் பார்வே ஆக இருந்திருக்கலாம், ஆனால் அது இறங்கிய தாச்சி பார்வே இல்லை. சீஸ் சைவம் என்பீர்கள். பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையில் இருந்து எடுக்கிற பொருளைப் போடுகிற சீஸும் இருக்கிறது. முந்திரிகைச் சாறு (திராட்சைதான்) வெறும் பழச்சாறு என்பீர்கள். அதற்கென்று தனி விதி இருக்கிறது. கீரையும் லீக்ஸும்கூட அப்படியே உள்ளே போகாது. பூச்சி சாப்பிடக்கூடாது என்பதால் இலை இலையாகக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்கே எங்கள் சமையலறையில் ஆள் நிற்கிறது. இதையெல்லாம் மேற்பார்க்கிறவரை ‘மாஷ்கியாக்’ என்பார்கள். புதன்கிழமை அந்த மனிசனிடம் போய், மறுபடியும் மைக்ரோவேவ் என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. துடைத்து, 24 மணித்தியாலம் சும்மா விட்டு, பிறகு உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து ஆவி நிறையக் கொதிக்கவிட்டுத்தான் திரும்பத் திறந்தார். அதுவரைக்கும் அந்த மாடியில் 31 பேருக்குப் பால் சூடாக்க கீழே ஓடினது நாங்கள்.

பெசாக் பண்டிகை வந்தால் இன்னும் இறுக்கம். இங்கே எட்டு நாள் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ற் ஆகிய ஐந்து தானியத்தில் புளித்தது ஒரு துகளும் இருக்கக்கூடாது. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்கள் பலர் அந்த நாட்களில் சோறும் பருப்பும்கூடத் தொடமாட்டார்கள். ஸ்பெயின், மொரோக்கோ வழிவந்தவர்களில் பலர் சோறு சாப்பிடுவார்கள். ஆகவே உங்கள் உளுந்து வடை அந்தக் கிழமை இரட்டைக் குற்றவாளி. உங்கள் மதியச் சாப்பாட்டையும் வெளியிலேயே முடித்துவிட்டு வாங்கோ.

ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று ஒரு அப்பா கேட்டார். அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். இந்த நகரத்தில் யூத முதியோருக்கு இல்லம் என்று ஒன்று வந்ததற்கே காரணங்களில் ஒன்று சாப்பாடு. மற்ற இல்லங்களில் கிடந்த கிழடுகளுக்குக் கோஷர் சாப்பாடு இல்லை, அவர்களின் பாசை தெரிந்தவர் இல்லை. எஸ்ராஸ் நோஷிம் என்ற பெண்கள் சங்கத்தார் வீடு வீடாகக் காசு சேர்த்து, செசில் வீதியில் ஒரு வீட்டை வாங்கி 1918 இல் முதியோர் இல்லமாகத் திறந்தார்கள். சமைத்ததும் துடைத்ததும் தோய்த்ததும் அந்தப் பெண்கள்தான், சம்பளம் இல்லாமல். அந்த வீடுதான் பின்னாளில் பதர்ஸ்ட் வீதிக்கு வந்து பேகிரெஸ்ட் என்ற பெரிய நிலையமாக வளர்ந்தது. நான் வேலை செய்வது வேறு இடம், ஆனால் எல்லா இல்லத்துக்கும் மூத்த கதை அதுதான். அந்தக் காலத்துத் தொண்டு அந்த ஒரு தட்டுச் சாப்பாட்டுக்காக நடந்தது. இந்தக் காலத்துத் தொண்டு அதையே கெடுத்தால் எனக்குக் கோபம் வராதா?

இனி மறுகோடி. விதி கொஞ்சம் விளங்கியதும் சில பிள்ளைகள் ஐயரிலும் பார்க்க ஆசாரம் ஆகிவிடுவார்கள். போன வருசம் ஒரு பெடியன், சனிக்கிழமை தன் அறையில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் “இன்றைக்கு ரிவி பார்க்கக்கூடாதே” என்று சொல்லிவிட்டான். தாத்தா சிரித்துச் சிரித்து மூன்று நாள் எல்லாரிடமும் சொன்னார். இங்கே எல்லா விதமானவர்களும் இருக்கிறார்கள்: ஒரு எழுத்துப் பிசகாமல் நடப்பவர், பண்டிகைக்கு மட்டும் நினைப்பவர், கடவுளோடு 1944 இல் கோபித்துக்கொண்டவர். பொது இடத்தில் இல்லத்தின் விதி. அவரவர் அறைக்குள் அவரவர் விருப்பம். காவல் வேலை உங்களுக்குத் தரவில்லை.

சபாத் என்ற அவர்களின் கிழமை ஓய்வுநாள் வெள்ளி பொழுதுபடுவதற்கு முன்னமே தொடங்கும்; மெழுகுதிரி ஏற்றுவது சூரியன் மறைய 18 நிமிடத்துக்கு முன். (எங்கள் மாடிகளில் மின் மெழுகுதிரிதான். ஒட்சிசன் சிலிண்டருக்குப் பக்கத்தில் நெருப்புக் கொளுத்த எந்தச் சமயமும் சொல்லவில்லை.) சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை, கடைப்பிடிப்பவர்கள் சுவிச் போடமாட்டார்கள், எழுதமாட்டார்கள், போன் எடுக்கமாட்டார்கள். லிஃப்ட் ஒன்று தானாகவே ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகும். பழுதாகிவிட்டது என்று எனக்கு முறைப்பாடு எழுதாதேங்கோ. உங்கள் வரவுப் படிவத்தை இருப்பறை மேசையில் விரித்து வைத்து நிரப்பாதேங்கோ, கீழே என் அறையில் நிரப்புங்கோ. சனிக்கிழமை ஆசாரமான யூதத் தொண்டர்கள் கார் ஓடி வர ஏலாது. யோம் கிப்பூர் அன்றைக்கு அவர்கள் விரதத்தோடு ஜெப ஆலயத்தில் நிற்பார்கள். எங்கள் பிள்ளைகள் உண்மையில் தேவைப்படுகிற நாட்கள் அவைதான். நத்தாருக்கு அவர்கள் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் மற்றவர்களுக்காக நிற்கிறார்கள்.

ஒரு நுணுக்கம். சனிக்கிழமை ஒரு அம்மா “இங்கே கொஞ்சம் இருட்டாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தால், அது வானிலை பற்றிய கதை இல்லை. சபாத்தில் வேறொருவரிடம் வெளிச்சம் போடச் சொல்லி நேரே கேட்பதும் அவருக்குச் சரியில்லை. எங்கள் பிள்ளை ஒருத்தி “ஓம், இருட்டுத்தான்” என்று சொல்லிவிட்டு இருட்டுக்குள்ளேயே இருபது நிமிடம் கூட இருந்தாள், பாவம். எழும்பிப் போடுங்கோ. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் சபாத் இல்லை, ஒன்றும் இல்லை. அது அவர்களின் சட்டமே சொல்வது. நெஞ்சு நோகுது என்று சொல்லிக்கொண்டு அழைப்பு மணியை அழுத்தத் தயங்குகிறவரைக் கண்டால் நீங்கள் அழுத்துங்கோ.

அடுத்தது கேட்கவே கூடாத கேள்வி. வரலாற்றுப் பாடத்துக்கு ஒப்படை இருக்கிறது, ஹிட்லரின் முகாமில் இருந்தீர்களா, கையில் இலக்கம் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இலக்கம் குத்தியது அவுஷ்விட்ஸ் முகாம்களில் மட்டும். மற்றவர்களில் வேறு முகாம்களில் கிடந்தவர்களும் உண்டு, காட்டில், நிலவறையில், வேற்றுப் பெயரில் ஒளிந்து தப்பியவர்களும் உண்டு. கையில் இலக்கம் இல்லை என்றதும் “அப்ப நீங்கள் தப்பிட்டீங்கள்” என்று முகம் மலர்ந்து சொன்ன பிள்ளைக்கு நான் என்ன சொல்ல? எங்கள் வீடுகளில் முள்ளிவாய்க்காலைப் பற்றி அப்பாவிடம் இப்படிக் கேட்பீர்களா? அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கோ. பதிவு செய்யாதேங்கோ, படம் எடுத்து இன்ஸ்ராகிராமில் போடாதேங்கோ.

சாப்பாட்டு மேசையைத் துப்புரவாக்கும்போது கடதாசியில் சுற்றிய பாண் துண்டு இருந்தால் கையே வைக்காதேங்கோ. மறதி நோய் கூடியவர்களில் சிலருக்குப் புதியது அழிந்து பழையது மேலே வருகிறது, பசியும் சேர்ந்துதான். ஒருவரின் தலையணை உறைக்குள் இருந்து ஏழு துண்டு எடுத்திருக்கிறோம். பூஞ்சணம் பிடித்ததை எடுக்கும்போது அதே இடத்தில் புதுத்துண்டு ஒன்று வைத்துவிட்டுத்தான் தாதிமார் எடுப்பார்கள். குளியல் அறைக்கு வா என்று உரத்துக் கூப்பிடுவதும், வரிசையாக நிற்கச் சொல்வதும் இதே வகை. ஏன் என்று விளக்க வேண்டுமா? ஆங்கிலம் மறந்து யிடிஷ், ஹங்கேரியன், ருஷ்யன் என்று திரும்பிப்போகிறவர்களுக்கு மொழி தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருக்கலாம். ஸ்காபரோவில் உங்கள் அப்பம்மாவும் ஒரு நாள் தாதியிடம் தமிழில்தான் தண்ணீர் கேட்கப்போகிறா.

தண்ணீர் என்றதும் ஞாபகம். தொண்டர் யாரும் யாருக்கும் தண்ணீர் கொடுக்கக்கூடாது, தாதியிடம் கேட்காமல். சிலருக்குத் தண்ணீரைத் தடிப்பாக்கித்தான் கொடுப்பது. சும்மா தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். சக்கர நாற்காலி நின்றால் பிரேக். தூக்காதேங்கோ, விழுந்தவரைக்கூட, ஆளைக் கூப்பிடுங்கோ. தடிமன் இருந்தால் வீட்டில் இருங்கோ, மணித்தியாலம் ஓடிப்போகாது. கட்டிலில் இருக்காதேங்கோ. தொற்றுத் தடுப்பு விதியும் அதுதான், யூதரின் பழைய சமயச் சட்ட நூலான தல்முத்தும் அதையேதான் சொல்கிறது, எனக்கு அதில் தனிச் சந்தோசம்.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது அவர்களுக்குக் கடமை, ‘பிகூர் ஹோலிம்’ என்று பெயர். போய்ப் பார்ப்பவர் நோவில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்று தல்முத்தில் இருக்கிறது. அப்படியென்றால் அறுபது பேர் போனால் முழுதாகச் சுகமாகிவிடுமே என்று ஒருவர் மடக்க, இல்லை, ஒவ்வொருவரும் மிச்சத்தில்தான் அறுபதில் ஒன்று எடுப்பது என்று பதில் வருகிறது. கணக்கு நன்றாக ஓடுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் பிடிக்கும். ஆனால் 40 முடிந்த அன்றைக்கே சொல்லாமல் நின்றுவிடுகிற பிள்ளை எடுத்ததற்கு மேலாகத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறது. செவ்வாய் நாலு மணிக்கு லிஃப்ட் வாசலில் கதிரையைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். போகிறதென்றால் இரண்டு கிழமைக்கு முன் சொல்லுங்கோ, கடைசி நாளில் நேரே போய்ச் சொல்லிவிட்டுப் போங்கோ. பிள்ளையளே, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏதாவது கொண்டுவரத்தான் வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால்: வெட்டாத முழு அப்பிள், அல்லது கோஷர் என்பதற்கு அடையாளமாக சி.ஓ.ஆர் என்ற எழுத்தோ வட்டத்துக்குள் ‘யு’ எழுத்தோ போட்ட, உடைக்காத பைக்கற். அதுவும் முதலில் என் மேசைக்கு.

ரோல்ஸ் பிள்ளை இந்தப் புதன் வெறுங்கையோடு வந்தாள், முகம் தொங்கிப்போய். அந்த ஹங்கேரி அம்மா பக்கத்துக் கதிரையைத் தட்டி இருக்கச் சொல்லி, அந்த ரோலுக்குள் என்ன இருந்தது என்று கேட்டார். உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் என்று பிள்ளை சொல்லத் தொடங்க, அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். லீக்ஸை வட்டமாக வெட்டிக் கழுவக்கூடாதாம். நெடுக்காகப் பிளந்து, ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பார்க்க வேண்டுமாம். முக்கால் மணித்தியாலம், கையால் காட்டிக் காட்டி.