புலம்பெயர்ந்தோரா, குடியேறியோர் வழியினரா?

மலேசியச் சீனரையும் மலேசிய இந்தியரையும் ஒப்பிட்டுத் தமிழில் எதை எழுதினாலும், எந்தக் காணொளியைப் போட்டாலும், எடுத்த எடுப்பில் 'இரு புலம்பெயர் சமூகங்கள்' என்று வந்துவிடுகிறது. ஒன்று முன்னேறியது, இன்னொன்று ஏன் பின்தங்கியது என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே உழைப்பு, சேமிப்பு, ஒற்றுமை பற்றி நீளமாக ஓர் உபதேசம். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மலேசியாவின் கிள்ளான் நகரத்தில் பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் போய் அங்கேயே வேலை பார்க்கும் ஒருவர், அப்பாவும் தாத்தாவும்கூட அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், இவர் எந்தப் புலத்திலிருந்து எப்போது பெயர்ந்தார்?

சொல்லின் வரலாறு சுருக்கமாக. புலம் என்றால் நிலம், இடம், திசை. பெயர்தல் என்றால் இருந்த இடத்தை விட்டு நகர்தல். பழைய சொல்தான், யாரும் நேற்றுக் கட்டியதில்லை. 'மொழி பல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' என்று பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்கிறது. பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த வணிகர்கள் அவர்கள். அப்புறம் சொல் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாரிசுக்கும் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போனவர்கள் இதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். மிகப் பொருத்தமான எடுப்பு அது. பெயர்ந்தவர்கள் அவர்களேதான், பெயர்ந்த வலி சொல்லுக்குள் இருந்தது. பிறகு 2020 ஊரடங்கில் வடமாநிலத் தொழிலாளர்கள் நடந்தே ஊர் போனபோது 'புலம்பெயர் தொழிலாளர்' என்று எல்லாச் செய்தியிலும் வந்தது. அதுவும் சரிதான், குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

குறை எங்கே என்றால், பெயர்ந்தவருக்கு வைத்த சொல்லை அவருடைய கொள்ளுப்பேரனுக்கும் மாட்டிவிடுவதில். 'இரண்டாம் தலைமுறைப் புலம்பெயர்ந்தோர்', 'மூன்றாம் தலைமுறைப் புலம்பெயர்ந்தோர்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். பெயர்தல் ஒரு வினை. செய்தவருக்குத்தான் அது உண்டு, பரம்பரைச் சொத்து மாதிரி இறங்கி வராது. மலாக்காவில் காஜா பேராங் பக்கம் செட்டிகள் வாழ்கிறார்கள், போய்ப் பாருங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழி. வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது பொய்யாத விநாயகரை. அந்தக் கோயிலே 1781இல் கட்டியது. ஐந்நூறு வருடம் ஆகிவிட்டது, தமிழே மறந்துவிட்டது, இன்னும் 'புலம்பெயர்ந்தோர்' என்றால் என்ன கணக்கு? அதே மலாக்காவில் பல தலைமுறைக்கு முன் வந்து மலாய் வழக்கத்தோடு கலந்துவிட்ட பாபா நியோன்யா சீனர்களும் அப்படித்தான்.

சரி, வேறு என்ன சொல்வது? 'வந்தேறி' என்று ஒன்று அலைகிறது. மலாயில் 'பெண்டாத்தாங்' என்று ஒரு சொல் உண்டு. 'டாத்தாங்' என்றால் வருதல், ஆகவே வந்தவர். மலேசிய அரசியல் மேடையில் சீனரையும் இந்தியரையும் குத்திக்காட்ட அடிக்கடி வெளியே எடுக்கும் சொல் அது. அந்த வசவைத் தமிழில் சொல்லும்போது வந்தேறி என்றே போடலாம், உறைப்பு குறையாது. ஆனால் ஆய்வு, ஒப்பீடு என்று தலைப்புப் போட்டுவிட்டு உள்ளே வந்தேறி என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை. வைணவ உரைகளில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருந்தது. ஒன்றின் இயல்பாக இல்லாமல் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டதை வந்தேறி என்பார்கள். குணத்துக்குச் சொன்னதை ஆளுக்குச் சொல்ல ஆரம்பித்ததும் வசவாகிவிட்டது.

'வம்சாவளி' அடுத்தது. வடசொல் என்று தனித்தமிழ்க்காரர்கள் தள்ளுவார்கள். என் சண்டை அதில் இல்லை. ராஜா, ஜமீன் வாசனை அடிக்கும் சொல்லைத் ரப்பர் தோட்டத்துப் பால்மரம் வெட்டியவரின் பேத்திக்குப் போட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான். அதைவிட முக்கியம், 'இந்திய வம்சாவளி' என்பது எந்த நாட்டு வேர் என்று மட்டும்தான் சொல்லும், இப்போது எந்த நாட்டுக் குடி என்று சொல்லாது. இலங்கை மலையகத்தாரைக் கேட்டால் தெரியும். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது, பல பத்தாண்டுகள் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என்றே எழுதி வந்தார்கள், அவர்களோ 'மலையகத் தமிழர்' என்று சொல்லுங்கள் என்று கேட்டபடி இருந்தார்கள். எங்கிருந்து வந்தாய் என்பதையே பெயராக்கி ஒட்டிவிட்டால் எங்கே இருக்கிறாய் என்று கேட்க ஆளில்லாமல் போகிறது.

'அயலகத் தமிழர்' என்று தமிழ்நாட்டு அரசு ஒன்று வைத்திருக்கிறது, ஜனவரி 12இல் அதற்கு ஒரு நாளும் உண்டு. நல்ல நோக்கம். ஆனால் யாருக்கு அயல்? சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் மலேசியாவின் ஈப்போ நகரம் அயல். ஈப்போக்காரருக்கு ஈப்போ வீடு. விழாவுக்கு அழைக்க அந்தச் சொல் போதும், அங்குள்ளவர்களின் வாழ்க்கைநிலையை எழுத உதவாது. சீனர்களை அதில் எப்படிச் சேர்ப்பது என்பது வேறு.

நான் சொல்வது 'குடியேறியோர் வழியினர்'. முதலில் வந்தவர் குடியேறியவர், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவர் வழியினர். கொஞ்சம் செறிவாக வேண்டுமென்றால் 'கொடிவழியினர்' என்று போடலாம், நல்ல தமிழ், கல்யாணப் பேச்சில் இன்றும் வரும். நீளம் என்று முகம் சுளிப்பார்கள். நீளம்தான். ஆனால் குடி என்ற சொல்லில் வீடு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, குடியுரிமையும் இருக்கிறது. வாடகை வீட்டுக்குப் போனால்கூடக் குடிபோனோம் என்கிறோம், அதற்குக் கொடுப்பது குடிக்கூலி. புலம்பெயர்தல் விட்டுவந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சொல். குடியேறுதல் வந்து சேர்ந்த இடத்தைப் பார்க்கும். இந்த இரண்டு மக்களின் கதையில் வித்தியாசம் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு நடந்ததில்தான் இருக்கிறது, யார் எங்கே, எந்த நிபந்தனையில் குடியேறினார்கள் என்பதில்.

சீனர்கள் ஏதோ பெட்டி நிறையப் பணத்தோடு வந்திறங்கினார்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. பெரும்பாலானவர்கள் கடனில் கப்பல் ஏறிய கூலிகள். அவர்களைப் பிடித்து அனுப்பிய தொழிலுக்கே சீனத்தில் 'பன்றிக்குட்டி வணிகம்' என்றுதான் பேர். ஆனால் போய்ச் சேர்ந்த இடம் ஈயச் சுரங்கம். லாருட்டிலும் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் கோலாலம்பூரிலும் பல சுரங்கங்களின் முதலாளியே சீனர், தவுக்கே என்பார்கள். கடனை அடைத்த கூலி பக்கத்துக் கடையில் சேரலாம், தள்ளுவண்டி போடலாம், சுரங்கத்தைச் சுற்றி ஒரு டவுன் வளரும்போது அந்த டவுனோடு தானும் வளரலாம். 1854இல் வெறுங்கையோடு வந்த யாப் ஆ லோய் பின்னாளில் கோலாலம்பூரின் காப்பித்தான், அதாவது சீனர் தலைவர், ஆனது இந்த வழியில்தான். எல்லாரும் யாப் ஆ லோய் ஆகவில்லை, அபினிலும் கடனிலும் செத்தவர்கள் ஏராளம். ஆனாலும் ஏணி என்று ஒன்று அங்கே இருந்தது.

தமிழர்கள் போய்ச் சேர்ந்தது தோட்டம். முதலில் ஒப்பந்தக் கூலி, 1910இல் அது முடிந்தது. அதோடு, கங்காணியே ஊருக்குப் போய் ஆள் திரட்டி வரும் கங்காணி முறை, 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடுக்கும் வரை அது ஓடியது. முதலாளி வெள்ளைக்காரன், நடுவில் கிராணி என்ற எழுத்தர், அதற்குக் கீழே கங்காணி. கடை தோட்டத்துக்குள், கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள், பள்ளிக்கூடமும் தோட்டத்துக்குள். 1923 தொழிலாளர் சட்டம் பள்ளி வைக்கச் சொன்னது. வைத்தார்கள், பெயருக்கு. தமிழில் சில வகுப்பு படித்த பிள்ளை மேலே படிக்க வழியில்லாமல் அம்மாவோடு பால்வாளி தூக்கும். இருக்கும் வீடு வேலையோடு சேர்ந்தது, வேலை போனால் லயம் என்ற அந்த வரிசைவீட்டுக் கதவும் சாத்தப்படும். மூன்று தலைமுறை ஒரே இடத்தில் இருந்தும் ஒரு முழ நிலம் சொந்தமில்லை. இதுவும் குடியேற்றம்தான், ஆனால் குடி இல்லாத குடியேற்றம்.

1950இல் ஆங்கில ஆட்சியின் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டில் ஆயுதத்தோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாதென்று காட்டோரச் சீனர்களைச் சுமார் 5 லட்சம் பேரைத் தூக்கி, முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் போட்டார்கள். கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனால் வேலி போன பிறகு மிஞ்சியது ஒரு ஊர், தெரு, சீனப்பள்ளி, இருக்க ஒரு மனை. தோட்டத்துத் தமிழருக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. விடுதலையை ஒட்டி வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றார்கள், வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அங்கே இன்றும் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். மலாயா இந்தியக் காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாக (அந்நாட்டு நாணயம்) சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். காப்பாற்ற முடிந்தது கொஞ்சம்தான். அதற்குள் 1969இல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றார்கள். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள், அங்கேயே வாழ்ந்து பழகியவர்கள், பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். பிறகு ரப்பர் இருந்த இடத்தில் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது, லயங்கள் இடிந்தன. தோட்டத்திலிருந்து நகரத்துப் புறம்போக்குக்கும் அடுக்குமாடிக்கும் போனவர்கள் கையில் எந்தச் சொத்தும் கிடையாது.

இப்போது இந்த இரண்டு பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டின சொல்லுக்கு வருகிறேன். 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை நிறுவனப் பங்குகளில் பூமிபுத்திராவுக்கு, அதாவது மலாய்க்காரருக்கும் மற்றப் பூர்வகுடியினருக்கும், 30 விழுக்காடு, 'மற்ற மலேசியர்'களுக்கு 40 விழுக்காடு, வெளிநாட்டாருக்கு 30 என்று இலக்கு வைத்தது. அந்த 'மற்ற' என்ற ஒற்றை மூட்டைக்குள் என்ன இருந்தது? 1970இல் சீனரிடம் 27.2 விழுக்காடு, இந்தியரிடம் 1.1. இருபது வருடம் கழித்து 1990இல் சீனரிடம் 45.5, இந்தியரிடம் 1.0. மூட்டையை வெளியிலிருந்து பார்த்தால் 'மற்றவர்கள்' இலக்கைத் தாண்டிவிட்டார்கள்! உள்ளே ஒருவர் இருந்த இடத்திலிருந்து பின்னால் போயிருக்கிறார், யாருக்கும் தெரியவில்லை. 'இரு புலம்பெயர் சமூகங்கள்' என்று எழுதும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் அதே மூட்டையைத்தான் கட்டுகிறார். இரண்டு பேரும் வந்தவர்கள், ஒரே கோட்டிலிருந்து ஓடினார்கள், ஒருவர் தோற்றார் என்ற படம் அந்த ஒரு சொல்லிலேயே வரைந்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது உபதேசம் மட்டும்தான்.

2019 கணக்கின்படி நடுவில் நிற்கும் சீனக் குடும்பத்தின் மாத வருமானம் 7,391 வெள்ளி, இந்தியக் குடும்பத்துக்கு 5,981, பூமிபுத்திராவுக்கு 5,420. இதைக் காட்டி 'இந்தியர் நடுவில்தானே இருக்கிறார்கள்' என்பார்கள். 'இந்தியர்' என்பதும் ஒரு மூட்டைதான். ரயில்வேயில் கிராணியாக வந்த யாழ்ப்பாணத்தார் வழி, வட்டிக்கடை வைத்த செட்டியார் வழி, போலீஸில் வந்த சீக்கியர் வழி, எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்த மலையாளி வழி, பால்மரம் வெட்டியவர் வழி எல்லாம் சேர்ந்த நடு அது. டாக்டரையும் வக்கீலையும் கூட்டினால் தோட்டத்துப் பேரன் கண்ணில் படமாட்டான். அதனால்தான் வழியினர் என்று சொல்லச் சொல்கிறேன். யார் வழி என்று அடுத்த கேள்வி தானாக வரும். 2007 நவம்பர் 25இல் ஹிண்ட்ராஃப் என்ற இந்து உரிமை அமைப்பு கூட்டிய கூட்டம் கோலாலம்பூர்த் தெருக்களில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே நின்றதே, அது எந்த வழி என்று கேட்டால் அன்றைய கோபம் கொஞ்சம் புரியும்.

போகிற போக்கில் இன்னொன்று. இந்த ஒப்பீடுகளில் 'இனக்குழு' என்று வேறு போடுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு வேட்டையாடித் தின்னும் கூட்டம்தான் ஞாபகம் வருகிறது, பினாங்கில் பல் டாக்டராக இருப்பவரை நினைக்கத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் 'சமூகம்' என்றால் நாசூக்காகச் சாதி, அதையும் எடுத்துப் போட்டால் குழப்பம்தான். மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகள் காலங்காலமாக 'இந்திய சமுதாயம்', 'சீன சமுதாயம்' என்று எழுதுகின்றன. யாருக்கும் புரியாமல் போனதில்லை. அவர்களைப் பற்றி எழுதுபவர் அவர்களுடைய பத்திரிகையை ஒருநாள் புரட்டிப் பார்த்தால் என்ன?

அப்புறம் புலம்பெயர்ந்தோர் என்ற சொல் மலேசியாவில் வேலையில்லாமல் போய்விடுமோ என்று கவலை வேண்டாம். தமிழர் விட்டுப்போன தோட்டங்களில் இன்று செம்பனைக் குலை வெட்டுவது இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும்தான். கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கொடுத்து வந்தவர்கள், பாஸ்போர்ட் பல இடங்களில் முதலாளி கையில். அவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். கிள்ளான்காரருக்கும் இதே சொல்லைப் போட்டு வைத்தால், ஒரே தோட்டத்தைப் பற்றி எழுதும்போது பழைய தொழிலாளியின் பேரன் யார், போன வருடம் டாக்காவிலிருந்து வந்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் எந்தச் சொல் மிஞ்சும்?