பத்து வகை வந்தாலும் நாக்கு சலிக்காதது எப்படி?

நாகர்கோவிலில் பத்துப் பேர் மட்டும் உட்காரும் ஓர் உணவகம் நாஞ்சில் நாட்டுச் சமையலை ‘டேஸ்டிங் மெனு’வாக, இரண்டரை மணி நேரத்தில் பத்துச் சிறு தட்டுகளாகப் பரிமாற நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமையல் கைப்பக்குவம் இருந்தாலும் வரிசை பிசகினால் ஆறாவது தட்டிலேயே கை தயங்கும். வயிறு நிறைவது வேறு, நாக்குக்கு ஒரு சுவை திகட்டுவது வேறு.

ஒரே பண்டத்தைத் தொடர்ந்து தின்றால் சில நிமிடங்களிலேயே அதன் மேலுள்ள ஆசை குறைகிறது. மற்றப் பண்டங்களின் மேலுள்ள ஆசை அவ்வளவாகக் குறைவதில்லை. உணவு ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1980களில் இதை அளந்து பார்த்தார்கள். நான்கு வெவ்வேறு உணவுகளை அடுத்தடுத்துக் கொடுத்தபோது, ஒரே உணவை நான்கு முறை கொடுத்ததைவிடச் சுமார் 60% அதிகக் கலோரி உள்ளே போனது. செரிமானத்துக்கு முன்பே சுவை, மணம், நிறம், பதம் ஆகியவற்றை வைத்து மூளை போடும் கணக்கு இது. அதனால் அவியல், ஓலன், எரிசேரி மூன்றையும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது. மூன்றிலும் தேங்காய், மூன்றும் குழைவு. நடுவே மொறுமொறுப்பான உப்பேரியோ, புளிப்பும் உறைப்புமான இஞ்சிக்கறியோ வரவேண்டும்.

தட்டுக்கு 35 முதல் 50 கிராம், பத்துக்கும் சேர்த்து 450 கிராமுக்குள் நிற்பது நல்லது. அதிகம் பிசகுவது நெய்யில்தான். கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். ஆகவே முதலில் வரும் பருப்புச் சோற்றுக்குக் கால் தேக்கரண்டி நெய் போதும். தட்டுகளுக்கு நடுவே 10, 12 நிமிடம் விடலாம். அரை மணி இழுத்தால் வயிறு ‘போதும்’ என்று சொல்லத் தொடங்கிவிடும்.

மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கு) சாளைப் புளிமுளம் என்ற உறைப்பான மத்தி மீன் குழம்பை வைத்தால் அடுத்த தட்டில் கவனம் வேண்டும். மிளகாயின் கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அது தண்ணீரில் கரையாது. எத்தனை டம்ளர் குடித்தாலும் எரிச்சல் அடங்காது. பாலில் உள்ள கேசின் புரதம் அதைப் பற்றி இழுத்துவிடும். 50 மில்லி கெட்டி மோர் கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்து ஓலனைக் கொண்டுவரலாம். இல்லாவிட்டால் ஓலனில் உள்ள தடியங்காயின் (வெண்பூசணி) இளஞ்சுவை நாக்கில் பதியவே பதியாது.

நாக்கில் இனிப்பை உணர்த்தும் டிஆர்பிஎம்5 என்ற புரதம் 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகப்போக வேகமாக இயங்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த அடைப்பிரதமன் பாயசம் சப்பென்று இருப்பது அதனால்தான். வெல்லத்தைக் கூட்டாமல் வெதுவெதுப்பாகக் கொடுத்தாலே போதும்.

இந்தப் பக்கத்துப் பந்தியில் பாயசத்துக்குப் பின்னும் ரசமும் மோரும் உண்டு. அந்த வரிசையை மாற்ற வேண்டாம். இனிப்பின் திகட்டலை ரசத்தின் புளிப்பு வெட்டிவிடும். ஆனால் இனிப்புக்குப் பின் புளிப்பு கூடுதலாகத் தெரியும். அதனால் அடுக்களையில் ரசத்தை ருசி பார்ப்பவர் முதலில் ஒரு கரண்டி பாயசம் விழுங்கிவிட்டே புளியின் அளவை முடிவு செய்ய வேண்டும்.