ஆபரேஷனுக்கு முன் நீட்டப்படும் தாள்: எந்தக் கையெழுத்து செல்லும்?

மன்னார்குடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியானாலும் சரி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, ஆபரேஷன் என்றால் ஒப்புதல் படிவம் வந்துவிடும். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று நர்ஸ் விரலால் காட்ட, நாமும் போட்டுவிடுகிறோம். ஒரு மா நிலத்தைக் கிரயம் முடிக்க நான்கு எல்லையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிற ஊர் இது. உடம்பு விஷயத்தில் மட்டும் ஏனோ அவ்வளவு அவசரம்.

ஆனால் சட்டம் கையெழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு பெண் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் கேட்டுவிட்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும் அது செல்லாது என்றது நீதிமன்றம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாது. நோயாளி மயக்கம் தெளிந்ததும் தானே முடிவெடுக்கக் கூடியவராக இருந்து, உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லையென்றால், அவர் கண் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவாயிற்று. தொகை சின்னதுதான், தீர்ப்பு பெரிது.

அந்தத் தீர்ப்பின்படி, முடிவெடுக்கும் நிலையில் உள்ளவர், வற்புறுத்தல் இல்லாமல், போதிய விவரம் தெரிந்துகொண்டு கொடுப்பதுதான் சம்மதம். என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்து என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த விவரத்தில் அடங்கும். லட்சத்தில் ஒருவருக்கு வரும் சிக்கலையெல்லாம் ஒப்பிக்க வேண்டியதில்லை. டாக்டர் சொன்னது புரியவில்லையென்றால் "இன்னொரு தடவை தமிழ்ல சொல்லுங்க சார்" என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. பயத்தில் கொடுத்த சம்மதமும், தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்ததும், அது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் சம்மதமே ஆகாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 28-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

அப்புறம், யார் கையெழுத்து என்ற குழப்பம். நம் பக்கம் நோயாளி கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார், மருமகனோ மச்சானோ வராந்தாவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். 18 வயது நிரம்பி, நினைவோடு இருப்பவருக்கு அவருடைய சம்மதம்தான் முதன்மை. உறவினர் சாட்சியாக இருக்கலாம், அவருக்குப் பதிலாக முடிவெடுக்க முடியாது. எழுதத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டிய பிறகு, சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்க வேண்டும்.

கருக்கலைப்பில் இது இன்னும் கறார். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது முடிந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். "வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும்" என்பது சட்டத்தில் இல்லாத நிபந்தனை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும், மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, துணைவரின் சம்மதம் கட்டாயமில்லை. பிரசவத்துக்குப் போட்ட கையெழுத்தைக் காட்டி காப்பர் டி வைப்பதும் முறையல்ல, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

விதிவிலக்கு அவசர நிலை. நாகை சாலையில் அடிபட்டு நினைவில்லாமல் வருபவருக்கு, கேட்க யாரும் இல்லையென்றாலும், உயிர் காக்கும் சிகிச்சையைச் சம்மதம் இல்லாமலே செய்யலாம்.

விவரம் நிரப்பாத படிவம் வந்தால் பேனாவை மூடிவையுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும், சிகிச்சை தொடங்கும் முன் வேண்டாம் என்று சொல்லலாம். மருத்துவப் பதிவேடுகளின் நகலை எழுதிக் கேட்டால், மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஒப்புதல் படிவத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மனு கொடுத்த தேதிக்கு ஒரு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.