ஐபி முகவரியை நம்பித் தோட்டத்துக்கு வேலி போடாதீர்கள்

தோட்டத்தின் செக்ரோலும் (தொழிலாளர் வரவுப் பதிவு) சம்பளப் பட்டியலும், பார்ப்பவர் காரியாலயத்துக்குள் இருந்தால் மட்டுமே திறக்க வேண்டும் என்கிறார்கள். யாரோ ஐபி முகவரியை வைத்து அப்படியே செய்தும் கொடுத்துவிடுகிறார்கள். சம்பளக் கணக்கு முடிக்கிற அன்று பெரிய கிளாக்கர் தன் மேசையிலிருந்தே உள்ளே போக முடியாமல் தவிக்கிறார். இந்த மாதமும் இதே முறைப்பாடு, அதே காரணம்.

ஐபி முகவரி என்பது உங்கள் இணைய இணைப்பின் இலக்கம், அது நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லாது. அந்த முகவரி எந்த ஊரில் பதிவாகியிருக்கலாம் என்று ஒரு பட்டியல் ஊகிக்கும், அவ்வளவுதான். ஹட்டனில் 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவரை அது கொழும்பு என்று காட்டுவது சர்வசாதாரணம். ‘நுவரெலியா மாவட்டம் மட்டும்’ என்று விதி போட்டால் உங்கள் ஆள் வெளியே நிற்பார். நாட்டைப் பிரிக்க அது ஓரளவு உதவும், அதையும் வேறு நாட்டு வழியாக இணையவைக்கும் விபிஎன் ஏமாற்றிவிடும். தோட்டத்தைப் பிரிக்க உதவவே உதவாது.

“அப்படியென்றால் எங்கள் ரவுட்டரின் ஐபியை மட்டும் விடுங்கள்” என்பார்கள். நிலையான முகவரியைக் கட்டணம் கட்டி எடுத்திருந்தால் தாராளமாகச் செய்யலாம். சிம் போட்ட ரவுட்டரில் வேண்டாம். இணையத்தை நோக்கிய அதன் வான் (WAN) முகவரி 10இலோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், வெளியே தெரியும் முகவரி முன்பின் தெரியாத பலருக்கும் பொதுவானது. அதை அனுமதித்தால் அவர்களுக்கும் சேர்த்தே அனுமதிக்கிறீர்கள். அது மாறும் அன்று நீங்களே வெளியே.

ஐபிக்குப் பதில் போனின் ஜிபிஎஸ் இருப்பிடத்தைச் சோதிக்கலாம். அது தவறினால் பழி பனிமூட்டத்துக்கு. பனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மறைப்பது தகரக் கூரையும் மலைச்சரிவும். திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீற்றருக்குள் சொல்லும் போன், தகரத்தின் கீழ் பல மடங்கு தடுமாறும். காரியாலயத்தைச் சுற்றி 20 மீற்றர் அனுமதி வட்டம் போடாதீர்கள், 100 முதல் 150 வரை வையுங்கள். அந்தத் தூரம் வரைபடத்தில் தட்டையாக அளக்கப்படுவதால் சரிவுக்குக் கீழே உள்ள தொழிலாளர் லயங்களும் வட்டத்துக்குள் வரும். அதனால்தான் பாஸ்வேர்டும் பதிவு செய்த போனும் முதலில். இருப்பிடம் அதற்கு மேல் ஒரு நிபந்தனை மட்டுமே.

முடிவை சேர்வர் எடுக்கட்டும், போன் அல்ல. போன் சொல்லும் பிழை அளவு 50 மீற்றரைத் தாண்டினால் மறுத்து, வாசலுக்கு வந்து மறுபடி முயலச் சொல்லுங்கள். 2 நிமிடத்துக்கு முந்திய இருப்பிடத்தை ஏற்காதீர்கள். அன்ட்ரொய்டில் போலி இருப்பிடம் கொடுப்பது சின்ன வேலை, இருப்பிடம் போலி என்று அன்ட்ரொய்ட் தரும் அடையாளத்தைக் கட்டாயம் சோதியுங்கள். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் சோதனை நடக்க வேண்டும். பதிவிறக்கத்தையும் மூடுங்கள்: ஊழியர் சேமலாப நிதி இலக்கங்களோடு பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் போன பிறகு எந்த வட்டமும் அதைத் தடுக்காது. இருப்பிடம் கிடைக்காத நாளுக்கு, தோட்டத் துரை (முகாமையாளர்) ஒரு மணிநேர அனுமதி கொடுத்து அது பதிவாகும் வழி ஒன்றையும் வையுங்கள்.

தயவுசெய்து ஒன்று. மலையில் நிற்கும் உத்தியோகத்தரின் நடமாட்டத்தை நாள் முழுக்கச் சேகரிக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இருப்பிடமும் தனிப்பட்ட தரவுதான். கோப்பு திறக்கும் கணத்தில் மட்டும் கேளுங்கள். உள்ளேயா வெளியேயா என்ற பதிலை மட்டும் சேமியுங்கள்.