ஸ்டோக்கர்: உலையூட்டுநர்

முதல் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் கடற்படைப் பதக்கத்தின் விளிம்பில், எண்ணுக்கும் பெயருக்கும் அடுத்து 'ஸ்டோ. 1' என்று பொறித்திருந்தால், அவர் முதல் வகுப்பு ஸ்டோக்கர். கப்பலின் அடித்தளத்தில் கொதிகலன்களுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர்.

சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'ஸ்டோக்கன்' என்றால் நெருப்பை ஊட்டி வளர்ப்பது. 17ஆம் நூற்றாண்டில் 'ஸ்டோக்கர்' ஆங்கிலத்துக்குப் போனது. ஆளைக் குறித்த இந்தச் சொல்லின் வாலை நறுக்கித்தான் அப்புறம் 'ஸ்டோக்' என்ற வினையை உண்டாக்கினார்கள்.

வெறும் மண்வெட்டி வேலை என்று நினைத்துவிடக் கூடாது. கரியை மெல்லிய படுகையாகப் பரப்ப வேண்டும், கட்டிதட்டிய சாம்பலைக் கிளறி இழுக்க வேண்டும். கண்டபடி கொட்டினால் கரும்புகை எழும்பிக் கப்பலைக் காட்டிக்கொடுத்துவிடும். 'கிரெஸ்ஸி' ரகக் கப்பல் ஒன்றில் மட்டும் 30 கொதிகலன்கள்.

ஸ்டோக்கராகச் சேர்ந்தவர் 12 ஆண்டுக்குக் கையெழுத்திடலாம். இல்லையென்றால் 5 ஆண்டு கப்பலில், 7 ஆண்டு சேமப்படையில். அப்படிச் சேமப்படையில் இருந்தவர்களை 1914இல் திரும்ப அழைத்தார்கள். கிரெஸ்ஸி, அபூகிர், ஹோக் ஆகிய மூன்று கப்பல்களிலும் அவர்களே அதிகம். செப்டம்பர் 22 காலையில் ஜெர்மானிய நீர்மூழ்கி யு-9 முதலில் அபூகிரைத் தாக்கியது. தத்தளித்தவர்களைக் காப்பாற்ற நெருங்கிய மற்ற இரண்டும் அடுத்தடுத்து மூழ்கின. இறந்தவர்கள் 1,459 பேர். உயரம், கண்ணின் நிறம், நடத்தை எல்லாம் எழுதிவைத்த பணிப்பதிவேட்டில், இறந்தவருக்குக் கடைசியாக விழும் குறிப்பு 'டி.டி.'. இறப்பால் பணி நீங்கினார் என்று பொருள். குடும்பத்துக்கு 1914-15 நட்சத்திரம், பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் மூன்றும் போயின. கூடவே ஒரு வெண்கல நினைவுத் தகடு. தகட்டில் பெயர் மட்டும். தளபதியானாலும் ஸ்டோக்கரானாலும் பதவி கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ரயிலில் இதே வேலை பார்த்தவர் 'ஃபயர்மேன்'. அதை வைத்து 'தீயணைப்பாளர்' என்றால் பொருள் தலைகீழாகிவிடும். 'எரியூட்டுநர்' கேட்க நன்றாக இருந்தாலும், இறுதிச் சடங்குச் செய்திகளில் 'உடல் எரியூட்டப்பட்டது' என்று படித்துப் பழகிய நமக்கு நினைவு சுடுகாட்டுக்குப் போய்விடும். 'உலை' என்பது கொல்லனின் நெருப்பையும் குறிக்கும், சோற்றுக்குக் கொதிக்கும் நீரையும் குறிக்கும். கொதிகலனில் இரண்டுமே உண்டு. அதனால் என் தேர்வு 'உலையூட்டுநர்'. பதக்கத்தில் உள்ளதை அப்படியே எடுத்தெழுதும்போது மட்டும் 'ஸ்டோக்கர்' என்றே இருக்கட்டும்.