மார்ஃபின் எழுதும் டாக்டர் எப்படிப் பேசுகிறார்? பாவனை நோயாளியை வைத்து மதிப்பிடும் முறை

புற்றுநோய் வலிக்கு, அபினிலிருந்து கிடைக்கும் வலுவான வலிநிவாரணியான மார்ஃபினை எழுதி வாங்கிப் போகிறவர்களில் சிலர் அட்டையைப் பிரிக்காமலே வீட்டில் வைத்திருப்பார்கள். சீட்டில் தவறு இருக்காது, அளவும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் “இது கடைசிக் கட்டத்துல கொடுக்கிற மருந்தாச்சே” என்ற பயத்தை யாரும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, மார்ஃபினை இருப்பு வைக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. பல மருத்துவமனைகள் அதை வாங்குவதையே நிறுத்திக்கொண்டன. மூத்தவர்கள் மார்ஃபின் எழுதி விளக்குவதைப் பார்க்காமலேயே ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து வெளியே வந்தார்கள். 2014 சட்டத் திருத்தம் இந்தச் சிக்கலைத் தளர்த்தியது. மருந்து கிடைக்கத் தொடங்கினாலும், அதைப் பற்றி நோயாளியிடம் பேசும் பழக்கம் தானாக வந்துவிடாது. அதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், தனியாகச் சோதித்தும் பார்க்க வேண்டும்.

பயிற்சி பெற்ற ஒருவரை நோயாளியாக (பாவனை நோயாளி) நடிக்க வைத்து மாணவரைச் சோதிக்கும் முறையை 1963 வாக்கில் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கினார். மாணவர் ஒவ்வொரு இடமாகப் போய்ச் செய்துகாட்டும்படி பல ஸ்டேஷன்களாகப் பிரித்து நடத்தும் ஆஸ்கி (OSCE) செய்முறைத் தேர்வு 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் மூலம் வந்தது. இந்திய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் 2019 முதல் தொடர்புத்திறன் ஒரு பாடமாகவே இருக்கிறது. ஆகவே கருவி நம் கையில் இருக்கிறது. எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

ஒரு ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். நோயாளிக்கு 52 வயது, தையல் தொழில் செய்பவர். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. மார்ஃபினைவிட வலிமை குறைந்த வலிநிவாரணியான டிரமடால் ஒரு நாளைக்கு 200 மி.கி. எடுத்தும் வலி பத்துக்கு எட்டு. சிறுநீரகம் நன்றாக இருப்பதாகக் கேஸ் ஷீட்டில் இருக்கும். பேச 8 நிமிடம், பின்னூட்டத்துக்கு 2 நிமிடம்.

எழுத வேண்டியது இது: டிரமடாலை நிறுத்திவிட்டு, 10 மி.கி. மார்ஃபின் மாத்திரையில் பாதி, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6 மணிக்குப் பாதி பாதி. நடுராத்திரி எழுந்திருக்காமல் தூங்க, இரவு 10 மணிக்கு ஒரு முழு மாத்திரை. நாளைக்கு 3 மாத்திரை ஆகிறது. இடையில் வலி எகிறினால் கூடுதலாகப் பாதி. முதல் நாளிலிருந்தே இரவில் மலமிளக்கி, உதாரணமாக பிஸாகோடில். குமட்டலுக்கும் மாத்திரை கையில் இருக்கட்டும்.

ஸ்டேஷனின் உயிர் இதில் இல்லை, நடிப்பவரின் மனதுக்குள் இருக்கும் மூன்று விஷயங்களில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இதே மாத்திரை ஆரம்பித்து ஒரே வாரத்தில் இறந்துபோனார். வலி உயிர் போகிற மாதிரி வந்தால் மட்டும் சாப்பிடலாம் என்று இவர் முடிவு செய்திருக்கிறார். வீட்டில் குடிப்பழக்கமுள்ள தம்பி இருக்கிறார். இவற்றைத் தானாகச் சொல்லக் கூடாது என்று நடிப்பவருக்குக் கண்டிப்பாகப் பழக்க வேண்டும். “இந்த மாத்திரையைப் பத்தி ஏதாவது கேள்விப்பட்டிருக்கீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தால் மட்டும் முதலாவது வெளிவரும். “மாத்திரையை வீட்ல எங்க வைப்பீங்க? கூட யார் யார் இருக்காங்க?” என்றால் தம்பியைப் பற்றிச் சொல்லலாம். இந்த இறுக்கம் தளர்ந்தால் ஒரு மாணவருக்குச் சுலபமாகவும் அடுத்தவருக்குக் கடினமாகவும் போய்விடும்.

தவறுகள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் வரும். “வலி வந்தா போட்டுக்கோங்க” என்று சொல்வது முதலாவது. இதனால் மருந்து எப்போதும் வலிக்குப் பின்னாலேயே ஓடும். டிரமடாலை நிறுத்தச் சொல்ல மறப்பது அடுத்தது. “அடிமையாக மாட்டீங்க, பயப்படாதீங்க” என்று ஒரே வரியில் அடைப்பது எங்கள் பார்வையில் மிக மோசமானது. சரியான அளவில் வலிக்காக எடுப்பதும் போதைக்காகத் தேடுவதும் வேறு என்று விளக்க வேண்டும். உடம்பு பழகிவிடும், அதனால் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு வரும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். ஆனால் தட்டி எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மிக மெதுவானால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அழைத்து வரச் சொல்ல வேண்டும். கூட வந்தவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மதிப்பெண் தாளில் “மலச்சிக்கல் பற்றிச் சொன்னார்” என்று டிக் போடும் கட்டங்கள் மட்டுமே இருந்தால், மாணவர்கள் ஒப்பிக்கத்தான் பழகுவார்கள். மூச்சு விடாமல் பன்னிரண்டு குறிப்புகளைக் கொட்டியவர் முழு மதிப்பெண் வாங்குவார்; நோயாளிக்கு ஒன்றும் நிற்காது. ஆகவே பாதி மதிப்பெண்ணை நோயாளி திருப்பிச் சொல்வதற்கு ஒதுக்குங்கள். “நான் தெளிவா சொன்னேனான்னு பாக்கணும்மா, வீட்ல எப்படிச் சாப்பிடுவீங்கன்னு நீங்களே ஒருதடவ சொல்லுங்க” என்று கேட்டாரா? பதிலில் பிசகு இருந்தபோது திருத்தினாரா? “புரிஞ்சுதா?” என்பதற்கு மதிப்பெண்ணே வேண்டாம், அதற்கு எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். பாவனை நோயாளிக்கும் ஒரு கேள்வி இருக்கட்டும்: “இவர் எழுதிய மாத்திரையை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவீர்களா?” தேர்வாளர்கள் முன்கூட்டியே ஒரே வீடியோவைப் பார்த்துத் தனித்தனியே மதிப்பெண் போட்டு, எங்கே விலகுகிறார்கள் என்று பேசிக்கொண்டால்தான் தாள் நியாயமாக இருக்கும்.

மறுப்பதையும் சோதிக்க வேண்டும். முதுகுவலி என்று வரும் 27 வயது இளைஞர் டபென்டடால் என்ற வலிநிவாரணியைப் பேர் சொல்லிக் கேட்கிறார். தமிழ்நாட்டில் இந்த மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்வதை அறிந்த மாணவர் சிலர் உடனே போலீஸ் என்று மிரட்டுவார்கள். சிலர் ஆளை அனுப்பினால் போதும் என்று பத்து மாத்திரை எழுதிவிடுவார்கள். இரண்டும் தோல்விதான். வலியை முறையாகப் பரிசோதித்து, எப்போதிலிருந்து, எப்படி எடுக்கிறார் என்று குரல் உயராமல் கேட்டு, “இதை நான் எழுத மாட்டேன், ஆனா உங்க வலிக்கும் இந்தப் பழக்கத்துக்கும் வழி இருக்கு” என்று சொல்லி, போதை மீட்புப் பிரிவுக்கு அனுப்பி, மறுபடி வர நாள் குறித்துக் கொடுப்பவர் தேறியவர்.

நடிப்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் வீட்டில் அண்மையில் புற்றுநோய்ச் சாவு நேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இருபது பேரிடம் “நான் செத்துருவேனா டாக்டர்?” என்று கேட்பது யாரையும் உலுக்கும், நடுநடுவே ஆளை மாற்றி, முடிந்ததும் உட்கார்ந்து பேசி அனுப்ப வேண்டும். கதை ஹாஸ்டலுக்குள் பரவ ஒரு மாலைப்பொழுது போதும் என்பதால், அடுத்த அணிக்கு நோயையும் மருந்தையும் அப்படியே விட்டு, ரகசியத்தை மட்டும் மாற்றுங்கள்: தம்பிக்குப் பதில், நான்கு நாளாக மலம் கழியாததைச் சொல்லக் கூச்சப்படும் நோயாளி.